அக்கரைப்பற்றுப் புள்ளயிட்ட இஸ்தான்புல்லப் பத்திக் கேளுங்க

ஸ்கொலர்ஷிப் கிடைச்சு துருக்கியில, இஸ்தான்புல்லில மாஸ்டர்ஸ் படிக்கிற அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒராள் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கா. அந்த ஊரப் பத்தி என்ன வேணுமெண்டாலும் கேளுங்க, அவ பதில் சொல்லுவா எண்டு போன இதழ்ல போட்டிருந்தம். பொத்துவில்ல இருந்து ஏறாவூர் வரைக்கும் கேள்வி வந்து குவிஞ்சிட்டு. எல்லாத்தையும் போட இடம் காணாது, அதால தெரிஞ்செடுத்துப் போடுறம். பதிலெல்லாம் அவ சொன்ன மாதிரியே விட்டிருக்கம்.

ராத்தா, துருக்கி சீரியல்ல வாற மாதிரியா அந்த ஊர் இருக்கும்?
– தங்கச்சி ஒராள், சாய்ந்தமருது

குதிரை இல்ல, வாள் இல்ல, கூடாரமும் இல்ல புள்ள. ஒன்றரைக் கோடிக்கு மேல சனம் இருக்கிற ஊர், நம்மட முழு நாட்டுச் சனமே ரெண்டு கோடி சொச்சம்தான், யோசிச்சுப் பாருங்க. காலையில மெட்ரோபஸ்ஸில ஏறினா கால் வைக்க இடமிருக்காது. மற்ற வகைச் சீரியல் இருக்கே, கடற்கரையில பெரிய பங்களா வச்சுக்கொண்டு குடும்பமா இருந்து அழுறது, அந்தப் பங்களாக்கள் மெய்யாவே இருக்கு, பொஸ்பரஸ் எண்ட நீரிணைக் கரையில வரிசையா நிக்குது. நான் கப்பல்ல போகக்குள்ள பாப்பன். அவ்வளவுதான் எனக்கும் அதுக்கும் சம்பந்தம்.

கலாச்சாரம் எண்டு சொல்லி எல்லாரும் பள்ளிவாசலையும் அரண்மனையையும்தான் போட்டோ எடுத்துப் போடுறாங்க. படிக்கப் போன புள்ளைக்கு அந்த ஊர்க் கலாச்சாரம் எதில தெரிஞ்சது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

டீச்சர், எனக்கு அது முதல்ல தெரிஞ்சது ஒரு வேனுக்குள்ள. டொல்முஷ் எண்டு சொல்லுவாங்க, ரூட்டுக்கு ஓடுற சின்ன வேன், கண்டக்டர் இல்ல. பின்சீட்டில ஏறின ஆள் காச எடுத்து முன்னுக்கு இருக்கிறவர்ட தோள்ல தட்டிக் குடுப்பார், அவர் அடுத்தவருக்கு, அவர் டிரைவருக்கு, டிரைவர் ஒரு கையால ஸ்டியரிங்கப் புடிச்சுக்கொண்டே மிச்சத்த எண்ணிக் குடுப்பார், அது வந்த வழியாலயே கை மாறிக் கை மாறிப் பின்னுக்கு வரும். ஆரும் ஆரையும் தெரியாத சனம். ஆனா அந்தக் காசு நடுவில எங்கயும் நிக்காது.

மற்றது பேக்கரி. காசுள்ள ஆள் வந்து ரெண்டு பானுக்குக் காசு குடுப்பார், ஒண்டத்தான் கொண்டு போவார், மற்றத "தொங்கட்டும்" எண்டு விட்டுட்டுப் போவார். வசதியில்லாத ஆள் வந்து தொங்கிறது ஏதும் இருக்கா எண்டு கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம். குடுத்தவருக்கு எடுத்தவரத் தெரியா, எடுத்தவருக்குக் குடுத்தவரத் தெரியா. இது இண்டைக்கு நேத்து வந்த யோசனை இல்ல, ஒட்டோமன் காலத்தில சதக்காக் கல்லெண்டு தெருவில தூண் நட்டிருக்காங்க, மேல ஒரு குழி இருக்கும், ராவில போய்க் கைய விட்டா வைக்கிறவனா எடுக்கிறவனா எண்டு பாக்கிறவனுக்கு விளங்காது. இஸ்தான்புல்லில உஸ்குதார் எண்ட பகுதியில அந்தக் கல்லு இன்னும் நிக்குது. நம்மட ஆக்களும் குடுக்காங்கதான், இல்லையெண்டு சொல்லல்ல, கையும் மனசும் பெரிசுதான், ஆனா அரிசி மூட்டையோட வாங்கிற மனுசியையும் நிப்பாட்டி, பேனரப் புடிச்சு, போட்டோ எடுத்து பேஸ்புக்கில போட்டாத்தான் அது குடுத்ததாகுது. எனக்கு அதப் பாக்க வெக்கமா இருக்கு. எடிட்டர் இத வெட்டினாலும் பரவால்ல.

மறுகா கப்பல். ஊரு ரெண்டு கண்டத்தில கிடக்கு, பாதி ஐரோப்பா, பாதி ஆசியா, நான் இருக்கிறது ஆசியப் பக்கம், கெம்பஸ் ஐரோப்பாப் பக்கம். குருமண்வெளியில பாதையில, வாவியக் கடக்கிற மிதவையில ஏறி மண்டூருக்குப் போறவங்க எப்பிடிப் போவாங்க, ஒருத்தருக்கும் அது அதிசயமில்லதானே, அப்பிடித்தான் அங்கயும், கண்டம் விட்டுக் கண்டம் போறம் எண்டு ஒருத்தரும் தலைய நிமித்திப் பாக்கிறதில்ல. ஐரோப்பாப் பக்கத்து எமினொனுவில ஏறினா இருவது நிமிசத்தில ஆசியப் பக்கத்துக் காடிகொய். உள்ளுக்கே தேத்தண்ணி விக்கிறாங்க, எள்ளுப் போட்ட வளையப் பான் ஒண்டு இருக்கு, சிமித், அதப் பிச்சு எறிய கடல் காக்கா கூட்டமாப் பறந்துகொண்டே கவ்வும். 2013ல இருந்து கடலுக்கடியால ரயிலும் ஓடுது, நாலு நிமிசத்தில அக்கரைக்குப் போயிரலாம், எண்டாலும் நேரமிருக்கிற சனம் கப்பலுக்குத்தான் வரும்.

என்ட மகள் அங்க படிக்கப் போகப்போறன் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறா. சாப்பாடு எப்பிடி மகள்? வயிறு காயாம இருப்பாளா?
– தாய் ஒருவர், ஆரையம்பதி

அம்மா, வயிறு காயாது, நாக்குத்தான் காயும். கெம்பஸ் கென்டீன்ல குறைஞ்ச காசுக்கு சூப், ஒரு கறி, கொஞ்சம் சோறு, தயிர் எல்லாம் சேத்துத் தருவாங்க, பசி தெரியாது. ஆனா சோறு நம்மட சோறில்ல, பட்டர் போட்டு ஆக்கினது, அதுக்கு மேல கறி ஊத்திப் பிசையிற பழக்கம் அவங்களுக்கு இல்ல, சோறே ஒரு தொட்டுக்கொள்ளுற சாமான்தான். வயித்த நிரப்புறது பான். எதுக்கும் பான், சூப்புக்கும் பான், சோத்துக்கும் பான்.

மிளகாய்ச் செதில் மேசையில வச்சிருப்பாங்க. நாம ரெண்டு கரண்டி அள்ளிப் போடக்குள்ள பக்கத்து மேசை திரும்பிப் பாக்கும். பாத்தாப் பாக்கட்டும்.

தயிருதான் எனக்குப் பெரிய புதினம். நம்மட பக்கம் எருமைத் தயிரெண்டா சட்டியோட வச்சு சீனி, இல்லாட்டிப் பாணி, கை குடுத்து வச்சவங்களுக்குத் தேன். அங்க தயிருக்கு உப்பு, உள்ளி, வெள்ளரிக்காய். இறைச்சிக்கு மேலயும் ஊத்துவாங்க, இறைச்சி வச்ச மாக் கொழுக்கட்டை குட்டி குட்டியா அவிச்சு அதுக்கு மேலயும் தயிர ஊத்தி மிளகாய் பட்டரையும் ஊத்தித் தருவாங்க. ஐரான் எண்டு குடிக்கிறது நம்மட மோர்தான், பச்ச மிளகாயும் கறிவேப்பிலையும் இல்லாத மோர். நான் ஒருக்கா சீனி போட்டுத் தயிர் தின்ன, என்ட ரூம் புள்ளைகள் பாத்த பார்வையச் சொல்ல ஏலாது.

மகள் மாடு தின்னமாட்டா எண்டா முதல்லயே கேட்டு வாங்கச் சொல்லுங்க, கொத்திறைச்சி போட்ட சாப்பாட்டில அனேகமா மாடு கலந்திருக்கும். மரக்கறிக்குப் பஞ்சமில்ல. பருப்பு சூப் எல்லா இடத்திலயும் இருக்கு, ஒலிவ் எண்ணெயில ஆக்கி ஆற வச்சுத் தாற போஞ்சி, கத்தரிக்காய், முந்திரிகை இலையில சுத்தின சோறு, சீஸ் வச்ச பொரெக் எண்ட மாப் பலகாரம், எல்லாம் நல்லாயிருக்கும். சுலைமானியாப் பள்ளிவாசலுக்கு முன்னால வரிசையாச் சின்னக் கடைகள் இருக்கு, வெள்ளை போஞ்சி விதைய தக்காளியோட ஆக்கி சோத்தோட ஊறுகாயோட தருவாங்க, படிக்கிற புள்ளைகளுக்கு அது போதும். மாரியில ஹம்சி எண்டு நெத்தலி வரும், சோள மாவில புரட்டிப் பொரிப்பாங்க, தலையோட தின்னலாம்.

கொண்டு போக வேண்டிய சாமான் சொல்லுறன்: கறித்தூள், மாசி, கறிவேப்பிலை காயவச்சது, தேங்காப்பால் பவுடர். உடுப்பக் குறைச்சு இதக் கூட்டுங்க, உடுப்பு அங்க வாங்கலாம். இன்னொண்டு, நீங்க கேக்க வெக்கப்பட்டிருப்பீங்க, நானே சொல்லுறன், கக்கூசில தண்ணி இருக்கு. கொமட்டுக்குள்ளயே சின்னப் பைப் வச்சிருக்காங்க. ஐரோப்பாவுக்குப் படிக்கப் போன என்ட சினேகிதிகள் போத்தலோட திரியிறாங்க, நமக்கு அந்தக் கரைச்சல் இல்ல.

அங்கயும் நம்மட சிலோன் ரீ கிடைக்குமா?
– கடைக்காரர், கல்முனை

தலைக்குத் தலை பாத்தா உலகத்திலயே கூடத் தேத்தண்ணி குடிக்கிற சனம் துருக்கிக்காரங்கதான், நாமில்ல. ஆனா குடிக்கிறது அவங்கட சொந்தத் தேயிலை, கருங்கடல் பக்கம் ரிஸே எண்ட ஊர்ல விளையுது. ஒண்டுக்கு மேல ஒண்டு வச்ச ரெண்டு கேத்தில், மேல உள்ளதில கடுஞ்சாயம், கீழ சுடுதண்ணி. இடுப்பு ஒடுங்கின சின்னக் கிளாஸ், பிடி இல்ல, விளிம்பில புடிக்கணும். பால் கேட்டா சுகமில்லையா எண்டு பாப்பாங்க. சிலோன் தேயிலைய விரும்பிக் குடிக்கிறவங்க தென்கிழக்குத் துருக்கி ஆக்கள், தியார்பக்கிர், உர்பாப் பக்கம், என்ட வகுப்பில குர்திஷ் பொடியன் ஒருத்தன் நான் இலங்கையெண்டு சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, அடுத்த முறை வரக்குள்ள எத்தனை கிலோ கொண்டு வருவாய் எண்டு.

முஸ்லிம் நாட்டுக்குத்தானே போயிருக்கீங்க. மார்க்கச் சூழல் எப்பிடி? புள்ளைகள நம்பி அனுப்பலாமா?
– காக்கா ஒருவர், காத்தான்குடி

காக்கா, சனம் முஸ்லிம், சட்டம் மதச்சார்பில்லாதது, முதல்ல அத மனசில வைக்கணும். வெள்ளிக்கிழமை லீவில்ல, சனியும் ஞாயிறும்தான் லீவு, ஜும்ஆவுக்கு வேலைக்கிடையில ஓடி வந்து தொழுதுபோட்டு ஓடுவாங்க. தலையில முந்தானை போட்டுக்கொண்டு கெம்பஸ்ஸுக்குள்ள போக ஏலாம இருந்த காலம் ஒண்டு இருந்தது, கன வருசம் இருந்தது, 2010க்குப் பிறகுதான் படிப்படியா விட்டாங்க, 2013ல அரச உத்தியோகத்துக்கும் விட்டாங்க. என்ட லெக்சரர் ஒராள், முந்தி விக் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனன் எண்டு சிரிச்சுக்கொண்டே சொன்னா, எனக்குச் சிரிக்க வரல்ல.

இப்ப ஒரே வீட்டில தாய் முந்தானை போடுவா, மூத்தவ போடுவா, இளையவ தலைமயிர நீலக் கலரடிச்சுக்கொண்டு அவங்களோட கைகோத்துப் போவா. முந்தானை போட்டவ சிகரெட் புடிக்கிறதும் இருக்கு, போடாதவ நோன்பு ஒண்டும் விடாமப் புடிக்கிறதும் இருக்கு. உடுப்ப வச்சு ஆள அளக்கிற கணக்கு அங்க சரிவராது காக்கா. பொம்புளைகளுக்குப் பள்ளியில இடம் இருக்கு, இது எனக்குப் பெரிய சந்தோசம், நம்மட பக்கம் எல்லாப் பள்ளியிலயும் அது இல்லதானே. சுலைமானியா, ஒட்டோமன் காலத்துக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டினது, 1557ல முடிச்சது, நான் லுஹர் தொழுதிட்டு அங்கேயே ஒரு மூலையில நோட்ஸ விரிச்சு வச்சு அஸருக்கும் நிண்டு வருவன், ஒருத்தரும் எழும்பு எண்டு சொன்னதில்ல.

மார்க்கச் சட்டத்தில அவங்க ஹனபி வழி, நாம ஷாபி வழி. எண்டாலும் அஸருக்கு அவங்களும் நம்மள மாதிரி முந்தின நேரத்திலதான் பாங்கு சொல்லுவாங்க. ஹனபியில சிப்பி, இறால் ஆகாது எண்டு புத்தகத்தில இருக்கு, எண்டாலும் ராவில ரோட்டோரம் சிப்பிக்குள்ள மசாலாச் சோறு வச்சு விக்கிறாங்க, தேசிக்காய் புழிஞ்சு தருவாங்க, சனம் தட்டச் சுத்தி நிண்டு திண்டுகொண்டே இருக்கு. எனக்கு ஷாபியில ஆகும், அதால மனச்சாட்சி உறுத்தாமத் தின்னுறது நான் ஒருத்திதான் போல.

நோன்புக்கு ஊர் மாறும். ரெண்டு மினாராவுக்கு நடுவில லைட்டாலயே எழுத்துக் கட்டுவாங்க, நூத்துக் கணக்கான வருசமா இருக்கிற வழக்கம், முந்தி எண்ணெய் விளக்கு, இப்ப பல்ப். சஹருக்கு மேளமடிச்சுக்கொண்டு தெருவில போவாங்க, பெருநாளுக்கு வீடு வீடா வந்து காசு கேப்பாங்க, நம்மட ஊர்ல சஹருக்கு எழுப்புற பாவாமார் வந்த மாதிரியெண்டு வாப்பாட்ட சொல்ல அவருக்கு நல்ல சந்தோசம். இப்தாருக்கு முன்னால பேக்கரி வாசல்ல வரிசை, நோன்புக்கு மட்டும் சுடுற வட்டப் பானுக்கு. ஒலிவ் காய், ஈத்தம்பழம், சூப்பு. நோன்புக் கஞ்சி இல்ல. அதே நேரம் பக்கத்துத் தெருவில கோப்பிக்கடை பகல் முழுக்கத் திறந்து சனம் இருந்து குடிக்கும், இவங்க அவங்களப் பாக்கிறதில்ல, அவங்க இவங்களப் பாக்கிறதில்ல.

அனுப்பலாமா எண்டு கேட்டீங்க. புள்ளைய நம்பினா அனுப்புங்க, ஊர நம்பி அனுப்பாதீங்க. அது எந்த ஊருக்கும்தான்.

வேற மதத்துச் சனமும் அங்க இருக்காங்களா? ஒற்றுமையா இருக்காங்களா?
– அண்ணன் ஒருவர், கல்லடி

அண்ணன், இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். பெனர், பலாட் எண்டு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பழைய இடம் இருக்கு. ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவங்கட தலைமைப் பீடம் பெனர்ல இருக்கு. 1492ல ஸ்பெயின்ல இருந்து துரத்தின யூதருக்கு ஒட்டோமன் சுல்தான் இடம் குடுத்தார், பலாட் அவங்க வாழ்ந்த இடங்கள்ல ஒண்டு. நல்லாத்தான் தொடங்கிச்சு. மறுகா 1955 செப்டெம்பர் 6ம் திகதி, துருக்கிக் குடியரச உண்டாக்கின அத்தாதுர்க் பிறந்த வீட்டுக்கு கிரேக்கத்தில குண்டு வச்சிட்டாங்க எண்டு கதை பரவி, ஒரு ராவில கிரேக்கர்ட கடை, வீடு, சேர்ச் எல்லாம் அடிச்சு நொறுக்கினாங்க, ஆர்மீனியர், யூதர்ட கடையையும் விடல்ல. பிறகு 1964லயும் கிரேக்கர்ல ஒரு பகுதியை நாட்ட விட்டு அனுப்பினாங்க. ஒரு லட்சமளவில இருந்த கிரேக்கச் சனம் இப்ப சில ஆயிரம்.

பலாட்டில இப்ப வீடுகளுக்கு மஞ்சள், ரோஸ், நீலம் எண்டு பெயின்ட் அடிச்சு கோப்பிக்கடை போட்டிருக்காங்க, கல்யாணச் சோடிகள் வந்து போட்டோ எடுக்கும். ஒரு வாசல்படிக்கு மேல கல்லில கிரேக்க எழுத்து கொத்திக் கிடக்கு, அதுக்குக் கீழ கடை மெனு. நீங்க கல்லடி, நான் அக்கரைப்பற்று, 1990ல தமிழ், முஸ்லிம் சனத்துக்கு நடுவில நடந்ததுகள உங்கட வீட்டிலயும் எங்கட வீட்டிலயும் பெரியாக்கள் கதைக்கக் கேட்டுத்தான் வளந்திருக்கம், நான் அதுக்குப் பிறகு பிறந்தவ. எங்கட பக்கத்திலயும் ஊரெல்லையில விட்டுட்டுப் போன வளவு இருக்கு, கிணறும் ரெண்டு தென்னையும் நிக்கும், இது ஆர்ர வளவு எண்டு கேட்டா பெரியாக்கள் வேற கதை கதைப்பாங்க. உங்கட பக்கத்திலயும் இருக்குமெண்டு நினைக்கிறன். பலாட்டில ஒரு கிழவர்ட்ட அந்த வாசல்படியக் காட்டி ஆர்ர வீடெண்டு கேட்டன், அவரும் கதைய மாத்தினார்.

ஒற்றுமை இல்லையெண்டும் சொல்ல ஏலாது. வெபாப் பக்கம் ஒரு சேர்ச் இருக்கு, ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி அங்க வரிசை, வரிசையில நிக்கிறது பாதிக்கு மேல முஸ்லிம் பொம்புளைகள், நேத்தி வச்சு சின்னத் திறப்பொண்டு வாங்குவாங்க, காரியம் முடிஞ்சாத் திருப்பிக் குடுக்கணும். கடலுக்கு நடுவில இருக்கிற புயுகாதா தீவில மலை மேல புனித ஜோர்ஜியார் கோயில், ஏப்ரல் 23க்கு எல்லாச் சனமும் ஏறும். நம்மட கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துக்கு உங்கட ஆக்களும் வாறதுதானே, எனக்கு அத விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவைப்படல்ல.

பூனை கனக்க இருக்காமே?
– மூணாம் வகுப்புப் புள்ளைக்காகத் தாய், நிந்தவூர்

கடைக்குள்ள, பஸ் ஸ்டொப்பில, லைப்ரரியில, பள்ளிக்குள்ள, எங்கயும். தெருவில தண்ணிக் கோப்பை வச்சிருப்பாங்க, மாரிக்குப் பெட்டி வீடு கட்டிக் குடுப்பாங்க, கதிரையில பூனை படுத்திருந்தா மனுசன் நிண்டுகொண்டு குடிப்பான். காடிகொய்ப் பக்கம் தொம்பிலி எண்டு ஒரு கொழுத்த பூனை, படிக்கட்டில முழங்கைய ஊண்டிச் சாஞ்சு இருக்கிற போட்டோவால பேமஸ் ஆனது, செத்த பிறகு 2016ல அதே இடத்தில அதே சாய்வில வெண்கலச் சிலை வச்சிருக்காங்க. புள்ளைக்கு அந்தப் படத்தத் தேடிக் காட்டுங்க. நாய்க்கு அந்த மரியாதை இல்ல, 2024ல தெருநாயெல்லாத்தையும் புடிச்சு அடைக்கச் சட்டம் கொண்டு வந்து பெரிய சண்டை நடந்தது.

நில நடுக்கத்துக்குப் பயமில்லையா?
– திருக்கோவில்

பயம்தான். 1999 ஓகஸ்ட் 17ல பக்கத்து இஸ்மித்தில வந்தது, இஸ்தான்புல்லிலயும் சனம் செத்தது. 2023 பெப்ரவரி 6ல தென்கிழக்கில வந்ததில துருக்கியில மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேல. 2025 ஏப்ரல் 23ம் திகதி மர்மரா கடலுக்குள்ள 6.2, ஊரே பார்க்குக்கு இறங்கிப் படுத்தது. பெரிசு ஒண்டு வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். வீட்டு வாசல்ல தண்ணி, டோர்ச், விசில், பாஸ்போட் கொப்பி போட்ட ஒரு பேக், தெருவுக்குத் தெரு எங்க போய்க் கூடணுமெண்டு பச்சைப் பலகை. நாம சுனாமி தின்ன சனம், கடல் உள்வாங்கினா ஓடணுமெண்டு இப்ப சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆனா அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. வீடு வாடகைக்கு எடுக்கிறவங்க முதல்ல கேக்கிறது, கட்டடம் 1999க்கு முந்தியா பிந்தியா எண்டு. நீங்களும் அதக் கேளுங்க.

நம்மள எப்பிடிப் பாக்கிறாங்க? நிறம் பாக்கிறாங்களா?
– கெம்பஸ் பொடியன், ஒலுவில்

பாக்கிறாங்க தம்பி, ஏன் பொய் சொல்லுவான். கெட்ட மனசோட இல்ல, புதினமாப் பாக்கிறது, இந்தியாவா பாகிஸ்தானா எண்டு கேக்கிறது, சிரிலங்கா எண்டு சொன்னா தேயிலை. பஸ்ஸில ஒரு கிழவி என்ட கையப் புடிச்சு வச்சுக்கொண்டு உம்மா வாப்பா சுகமா எண்டெல்லாம் கேட்டு, இறங்கக்குள்ள மண்டரின் ரெண்டு தந்தா. அதே கிழமை வீடு தேடிப் போன இடத்தில, போன்ல வாங்க எண்டு சொன்ன வீட்டுக்காரர், நேரில கண்டதும் வாடகைக்குப் போயிட்டு எண்டுட்டார், போட்டிருந்த விளம்பரம் அப்பிடியே கிடந்தது. போருக்குத் தப்பி வந்த சிரியாச் சனம் ஒரு காலத்தில 36 லட்சம் பதிஞ்சிருந்தாங்க, சாமான் விலையும் ஏறிச்சு, 2022 ஒக்டோபர்ல வருசப் பணவீக்கம் 85 வீதம், நம்மட நாட்டில அந்த வருசம் 70 கிட்டப் போனதுக்கே என்ன பாடு பட்டம், அந்தக் கோபமெல்லாம் வெளிநாட்டுக்காரன் எண்டு எழுதின தலையிலதான் விழுது. துருக்கி பாசை கதைக்கத் தொடங்கினா பாதி குறையும். நம்மட மாதிரியே வினைச்சொல் கடைசியில வாற பாசை, தமிழ்ப் புள்ளைகள் கெதியாப் புடிச்சிருவாங்க.

அத்தாதுர்க்க இன்னும் மதிக்கிறாங்களா?
– செங்கலடி

நவம்பர் 10ம் திகதி காலை 9.05க்கு சைரன் ஊதும், அவர் 1938ல டொல்மபாச்சே அரண்மனையில மௌத்தான நேரம். ரோட்டில வாகனம் அப்பிடியே நிக்கும், பாலத்துக்கு மேலயும் காரவிட்டு இறங்கி நிப்பாங்க, நடந்தவன் நிப்பான். அவர விரும்பாத ஆக்களும் இருக்காங்க, அவங்களும் அந்த நேரம் வாயத் திறக்கிறதில்ல.

நெசவுக்காரர் நாங்க. அங்க கைத்தறி உண்டா?
– மருதமுனை

உண்டு. ஹமாம் குளிப்புக்குக் கட்டுற பெஷ்தெமல், பருத்தி, நம்மட சாரன் துணிய விட மெல்லிசு, நுனியில முடிச்சுப் போட்ட குஞ்சம். டெனிஸ்லிப் பக்கத்து நெசவு பேர்போனது. டூரிஸ்ட் அத பீச்சுக்கு விரிக்க வாங்குது, நல்ல விலை. மருதமுனைச் சாரன அறுகம்பேயில வெள்ளைக்காரன் கட்டிக்கொண்டு திரியிறானே, அதே வியாபாரம்தான், நீங்க இன்னும் குஞ்சம் போடல்ல அவ்வளவுதான்.

ஏமாத்துக்காரர் இருக்காங்களா? அயா சோபியா பாக்க எவ்வளவு?
– குடும்பத்தோட போக இருக்கிறவர், ஏறாவூர்

சப்பாத்துக்கு பொலிஷ் போடுற ஆள் உங்களுக்கு முன்னால பிரஷ்ஷ விழுத்திட்டுப் போவார், எடுத்துக் குடுப்பீங்க, நன்றிக்கு பொலிஷ் போடுறன் எண்டு குந்துவார், பிறகு காசு கேப்பார். பிரஷ் விழுந்தாக் கிடக்கட்டும். டெக்ஸிக்கு மீற்றர் போடச் சொல்லுங்க. பெரிய பஸார் ஞாயிறு பூட்டு. அயா சோபியா 537ல சேர்ச்சாக் கட்டினது, 1453ல பள்ளி, 1935ல மியூசியம், 2020ல திரும்பப் பள்ளி. 2024ல இருந்து டூரிஸ்ட்டுக்கு மேல்மாடி மட்டும், 25 யூரோ, தொழ வாறவங்களுக்கு கீழ காசில்லாம. நீல மசூதி காசில்லை. காசில்லாததத்தான் நானும் கூடப் பாத்திருக்கன்.

ராத்தா, அந்த ஸ்கொலர்ஷிப்புக்கு போட்டுத் தாறன் எண்டு இஞ்ச ஒரு ஏஜென்சி காசு கேக்குது. குடுக்கலாமா?
– ஏ.எல். எழுதிப்போட்டு இருக்கிற தம்பி, சம்மாந்துறை

ஒரு சதமும் குடுக்காத தம்பி. துருக்கி அரசாங்கத்திர ஸ்கொலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணக் காசே இல்ல, அவங்கட சொந்த வெப்சைட்லதான் போடணும், வழமையா ஜனவரி 10ல இருந்து பெப்ரவரி 20 வரைக்கும் திறப்பாங்க. முதல் டிகிரிக்கு 21 வயசுக்குக் கீழ இருக்கணும், மார்க் 70 வீதம், மெடிசின், பல், பார்மசிக்கெண்டா 90. மாஸ்டர்ஸுக்கு 30 வயசுக்குக் கீழ, 75 வீதம். கிடைச்சா ஹொஸ்டல், மாசக் காசு, மெடிக்கல் இன்சூரன்ஸ், போக வர டிக்கட், முதல் வருசம் துருக்கி பாசைப் படிப்பு எல்லாம் அவங்கட செலவு. ஏன் இந்தப் பாடம், ஏன் இந்த நாடு எண்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுவாங்க, அத நீயே எழுது, எழுதிக் குடுக்கிறவனுக்குக் காசு குடுத்தா எல்லாருக்கும் ஒரே கடிதத்தத்தான் எழுதுவான், இன்டர்வியூவில புடிபடுவாய். பாஸ்போட்ட இப்பவே எடுத்து வை, ரிசல்ட் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காத.